அந்தக் கையை ஏன் முடிக்கவில்லை? – ஓவியம் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் ஓர் இளம் ஓவியரின் முதல் தனிக் கண்காட்சியைப் பற்றி எழுதியிருந்தேன். கேலரி முழுக்க மனித உருவங்கள்தான். கட்டிலின் ஓரத்தில் நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் பெண், நாற்காலியிலேயே தூங்கிப்போன முதியவர், ஒரே துணியில் தைத்த சட்டை போட்ட இரண்டு சகோதரிகள், உள் அறையில் ஆடையில்லாத சில உருவங்கள், கடைசிச் சுவரில் ஒரு கை முடிக்கப்படாத சுய உருவப்படம். எல்லாம் எண்ணெய் வண்ணம், பெரும்பாலும் ஆளுயரக் கேன்வாஸ். கட்டுரையைப் படித்துவிட்டும் நேரில் போய்ப் பார்த்துவிட்டும் நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். அதனால் இந்த முறை கேள்வி-பதில் பகுதி முழுவதும் அதற்கே.

கேள்வி: படங்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் கடைசிப் படத்தில் வலது கை வெறும் கோடாக நிற்கிறதே? கண்காட்சித் தேதி நெருங்கிவிட்டது என்று அரைகுறையாக மாட்டிவிட்டாரோ? – ஓய்வுபெற்ற ஆசிரியர்

அப்படித் தோன்றவில்லை ஐயா. அந்த முகத்தை எத்தனை அடுக்காக வேலை செய்திருக்கிறார் என்று கிட்டப் போய்ப் பார்த்தால் தெரியும். அவ்வளவு செய்தவருக்குக் கையை முடிக்க இன்னும் கொஞ்ச நாள் கிடைக்காமலா போயிருக்கும்? 1899-ல் பிரெஞ்சு ஓவியர் பால் செசான், அம்புரோஸ் வொலார் என்கிற ஓவிய வணிகரை உட்கார வைத்து வரைந்தார். 115 முறை உட்கார்ந்ததாக வொலாரே பின்னாளில் எழுதியிருக்கிறார். அத்தனைக்கும் அப்புறம் கையில் இரண்டு சின்ன இடங்களில் வெறும் கேன்வாஸ் தெரிந்தது. அதைக் கேட்டதற்குச் செசான் சொன்ன பதிலின் சாரம் இதுதான்: சரியான நிறம் கிடைத்தால் நிரப்புவேன், கைக்கு வந்ததை வைத்து அடைத்தால் அந்த இடத்திலிருந்து தொடங்கி மொத்தப் படத்தையும் திரும்ப வரைய வேண்டிவரும். படம் முடியாமலே நின்றுவிட்டது, இப்போது பாரிஸில் பெத்தி பலே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டு பொட்டு இடத்துக்கு இவ்வளவா என்று கேட்கலாம். ஒரு நிறம் பக்கத்து நிறத்தை மாற்றும், அது அதற்கடுத்ததை மாற்றும், அந்தச் சங்கிலியை அவர் அவ்வளவு கண்டிப்பாக எடுத்துக்கொண்டார்.

சுய உருவப்படத்தில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. கண்ணாடியைப் பார்த்து வரைகிறவருக்கு எல்லாம் அசையாமல் இருக்கும், தூரிகை பிடித்த கை மட்டும் இருக்காது, ஏனென்றால் அதுதானே வரைந்துகொண்டிருக்கிறது! லண்டன் கென்வுட் மாளிகையில் ரெம்ப்ராண்டின் கடைசிக் காலச் சுய உருவப்படம் ஒன்று இருக்கிறது, பின்னால் இரண்டு பெரிய வட்டங்களோடு. அதில் முகம் அவ்வளவு முழுமையாக இருக்க, கை இருக்க வேண்டிய இடத்தில் சில வேகமான தீற்றல்கள்தான். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, முதலில் கண்ணாடியில் தெரிந்தபடியே தூரிகையை மறு கையில் வரைந்து பிறகு மாற்றியிருந்தது தெரியவந்தது. நம் இளம் ஓவியரும் அதே இடத்தில் திணறி, பொய்யாக ஒரு கையை ஒட்டுவதைவிட விட்டுவிடலாம் என்று முடிவெடுத்திருக்கிறார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். கண்காட்சியிலேயே நேர்மையான படம் அதுதான் என்பது என் எண்ணம்.

கேள்வி: கைபேசியில் ஒரு நொடியில் துல்லியமான படம் கிடைக்கும்போது, மாதக்கணக்கில் உட்கார்ந்து ஒரு முகத்தை வரைய என்ன அவசியம்? – மென்பொருள் ஊழியர்

இந்தக் கேள்விக்கு வயது அதிகம். 1839-ல் தாகேரின் புகைப்பட முறையைப் பாரிஸில் அறிவித்தார்கள், அதற்கடுத்த சில பத்தாண்டுகளில் சிறு அளவு உருவப்படம் வரைந்து பிழைத்தவர்களில் பலர் உண்மையிலேயே தொழிலை இழந்தார்கள். ஆனால் பிரெஞ்சு ஓவியர்கள் மானே, டெகா, செசான் எல்லோரும் புகைப்படம் வந்த பிறகு வந்தவர்கள்தான். அடையாளத்துக்கு ஒரு படம் வேண்டும் என்கிற வேலையைக் கேமரா எடுத்துக்கொண்டது, ஓவியருக்கு மிச்சம் இருந்தது பார்ப்பது என்கிற வேலை.

பிரிட்டிஷ் ஓவியர் லூசியன் ஃப்ராய்ட் 2002-ல் டேவிட் ஹாக்னியை வரைந்தபோது ஹாக்னி நூறு மணி நேரத்துக்கும் மேல் எதிரில் உட்கார்ந்திருந்தார். அவரும் ஓர் ஓவியர், அவருக்கும் வேலை இருந்தது, இருந்தும் உட்கார்ந்தார். அவ்வளவு நேரம் ஒருவர் முகத்தை வைத்துக்கொண்டிருக்க முடியாது. முதல் நாள் விறைப்பாக இருப்பார், பிறகு களைத்துப்போவார், பேசுவார், எதையோ நினைத்துக்கொள்வார், ஒரு கட்டத்தில் தன்னை யாரோ பார்க்கிறார்கள் என்பதே மறந்துபோகும். இதெல்லாம் ஒரே முகத்தில் வந்து சேரும். கேமராவில் அந்த நொடி மட்டும்தான் இருக்கும், எவ்வளவு நல்ல கேமராவாக இருந்தாலும்.

சரி, அப்படியானால் நேரம்தான் எல்லாமா என்றால் அதுவும் இல்லை. 2013-ல் பிரிட்டனின் டர்னர் கலைப் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்ற லினெட் யாடம்-போவாக்கி வரைகிற மனிதர்கள் யாருமே உலகத்தில் இல்லாதவர்கள், எல்லோரும் அவர் கற்பனை. பல படங்களை ஒரே நாளில் முடித்திருக்கிறார். இருந்தும் அந்த முகங்கள் நம்மை நிறுத்திவைக்கின்றன. கேமரா எதிரில் இருப்பதையெல்லாம் ஒரே மூச்சில் வாங்கிக்கொள்ளும். ஓவியரோ ஒவ்வொன்றையும் தானே வைக்க வேண்டும், வைக்காமல் விடுவதையும் தானே முடிவு செய்ய வேண்டும். தூங்கும் முதியவர் படத்தில் ஷூ லேஸை ஒவ்வொரு இழையாக வரைந்திருக்கிறார், ஆனால் பின்சுவரை இரண்டே நிறத்தில் முடித்துவிட்டார். ஏன் லேஸ்? அவர் தூங்கப்போகவில்லை, எங்கோ கிளம்பத் தயாராகி உட்கார்ந்த இடத்தில் அசந்துவிட்டார் என்பதை அந்த இறுக்கிக் கட்டிய லேஸ்தான் சொல்கிறது. அது தற்செயலாகப் படத்தில் விழுந்ததல்ல, ஓவியர் எடுத்த முடிவு. உருவ ஓவியத்தில் நான் தேடுவது அந்த முடிவுகளைத்தான். அச்சு அசலாக இருக்கிறதா என்பது எனக்கு அப்புறம்தான்.

கேள்வி: அவர் புகைப்படத்தை வைத்துத்தான் வரைகிறார் என்று கேலரியில் ஒருவர் சொன்னார். அது ஏமாற்று வேலை இல்லையா? – வாசகி

இல்லை. டெகா தானே புகைப்படம் எடுத்தவர், அவற்றைப் பயன்படுத்தியவர். 20-ஆம் நூற்றாண்டு ஓவியர் பிரான்சிஸ் பேக்கனுக்கு ஆள் எதிரில் உட்கார்ந்தால் கை ஓடாது. ஜான் டீக்கின் என்கிற புகைப்படக்காரரிடம் சொல்லி நண்பர்களைப் படமெடுக்க வைத்து, அந்தப் படங்கள் கசங்கிக் கிழிந்து பெயிண்ட் பட்டு ஸ்டுடியோ தரையில் கிடக்க, அவற்றைப் பார்த்து வரைந்தார். யாரும் அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்வதில்லை.

ஆனால் புகைப்படத்துக்கு அடிமையாவது ஆபத்து, அதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. கிட்டத்திலிருந்து எடுத்த படத்தில் மூக்கு பெரிதாகவும் காது சின்னதாகவும் போய்விடும். நேரில் பார்க்கிற கண்ணுக்கு அப்படித் தோன்றாது. நிழலுக்குள் நம் கண் நிறம் பார்க்கும், புகைப்படம் பெரும்பாலும் அதைக் கறுப்பாக அடைத்துவிடும். அப்புறம், பல புகைப்படங்களில் சட்டைப் பொத்தானும் கண்ணும் ஒரே கூர்மையில் இருக்கும். நாம் அப்படிப் பார்ப்பதே இல்லை, ஒன்றைப் பார்த்தால் மற்றது மங்கும். இதையெல்லாம் திருத்தாமல் அப்படியே கேன்வாஸில் ஏற்றினால் படம் செத்துவிடும். சகோதரிகள் படத்தில் கழுத்துக்குக் கீழே இருக்கும் நிழல் தட்டையாக, நிறமே இல்லாமல் இருக்கிறது. அந்த ஒரு படத்தில் புகைப்படத்தை நம்பிவிட்டார் என்று நினைக்கிறேன். முதுகு காட்டும் பெண்ணின் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தோள்பட்டை நிழலுக்குள்ளேயே ஒரு வெதுவெதுப்பான செம்மை ஓடுகிறது. வித்தியாசம் உடனே தெரியும்.

கேள்வி: எல்லோருடைய முகத்திலும் பச்சை, ஊதா எல்லாம் போட்டிருக்கிறாரே, தோல் அப்படியா இருக்கும்? – பத்தாம் வகுப்பு மாணவி

நன்றாகப் பார்த்திருக்கிறாய் அம்மா. உன் கையையே ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டிப் பார். மேல்பக்கம் ஒரு நிறம், நரம்பு ஓடும் இடத்தில் நீலமோ பச்சையோ கலந்த மாதிரி, உள்ளங்கை வேறு, விரல் முட்டிகள் வேறு. பக்கத்தில் சிவப்புத் துணி ஒன்றைக் கொண்டுவா, கையின் கீழ்ப்பக்கம் சிவக்கும். தோல் என்பது ஒரே நிறம் இல்லை, சுற்றியிருக்கிற வெளிச்சத்தையெல்லாம் வாங்கித் திருப்பித் தருகிற ஒன்று.

14-ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர்கள் முகம் வரையும்போது முதலில் பச்சை மண் நிறத்தைப் பூசி, அதன் மேல்தான் இளஞ்சிவப்பை ஏற்றுவார்கள். பச்சையும் சிவப்பும் ஒன்றையொன்று சமன் செய்து தோல் உயிரோடு தெரியும். பல நூற்றாண்டுகளில் மேல் அடுக்கு தேய்ந்துபோன படங்களில் இப்போது முகமே பச்சையாகத் தெரிகிறது! பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1905-ல் தன் மனைவியின் முகத்தில் நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் நேராக ஒரு பச்சைக் கோடு போட்டார், முகத்தின் வெளிச்சப் பக்கத்தையும் நிழல் பக்கத்தையும் அது ஒன்றே பிரித்துவிடுகிறது. அமெரிக்க ஓவியர் கெர்ரி ஜேம்ஸ் மார்ஷல் தன் மனிதர்களைக் கறுப்பாகவே வரைகிறார், ஆனால் ஒரே கறுப்பு டியூபிலிருந்து அல்ல. வெவ்வேறு கறுப்பு நிறமிகளை எடுத்து, அவற்றோடு வேறு நிறங்களையும் கலந்து, ஒரு கறுப்பைச் சூடாகவும் இன்னொன்றைக் குளிர்ச்சியாகவும் ஆக்கிவிடுவார். கறுப்புக்குள் எத்தனை நிறம் இருக்கிறது என்று அவர் படத்தைப் பார்த்தால் தெரியும். பெயிண்ட் கடையில் ‘தோல் நிறம்’ என்று ஒரு டியூப் விற்கும், அதை மட்டும் வாங்காதே.

கேள்வி: பிள்ளைகளோடு போனேன். உள் அறையில் ஆடையில்லாத உருவங்கள் இருக்கும் என்று தெரியாது, சங்கடமாகிவிட்டது. இதெல்லாம் அவசியம்தானா? – ஒரு தாய்

வாசலில் ஓர் அறிவிப்பு வைத்திருக்க வேண்டும், அதில் நான் உங்கள் பக்கம். எதைப் பார்க்கலாம் என்று பெற்றோர் முடிவு செய்ய ஒரு நிமிடம் கொடுப்பது கேலரியின் கடமை, அதனால் ஓவியருக்கு எந்தக் குறைவும் வராது.

அவசியமா என்ற கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1917 டிசம்பரில் பாரிஸில் பெர்த் வெய்ல் என்ற பெண்மணி நடத்திய சின்ன கேலரியில் ஓவியர் மோடிக்லியானியின் கண்காட்சி நடந்தது, அவர் வாழ்ந்த காலத்தில் நடந்த ஒரே தனிக் கண்காட்சி அதுதான். போலீஸ் தலையிட்டு ஆடையில்லாத படங்களை எடுக்கச் சொன்னது. அதற்கும் முன்னால், 1865-ல் பாரிஸ் சலோன் என்கிற அரசுக் கண்காட்சியில் மானேயின் ‘ஒலிம்பியா’ என்ற ஆடையில்லாத பெண்ணின் படத்துக்குக் காவல் போட வேண்டியிருந்தது, பிறகு யாருக்கும் எட்டாத உயரத்தில் தூக்கி மாட்டினார்கள். வேடிக்கை என்னவென்றால், அதற்கு இரண்டு வருடம் முன்புதான் கபனெல் என்பவர் வரைந்த ஆடையில்லாத வீனஸை அதே சலோனில் எல்லோரும் கொண்டாடினார்கள், மூன்றாம் நெப்போலியன் விலைக்கே வாங்கினார். அந்த வீனஸ் ஒரு தேவதை, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு கிடப்பாள், யாரும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒலிம்பியா சமகாலத்துப் பெண், பார்க்கிறவரை நேராகத் திருப்பிப் பார்த்தாள். ஜனங்களுக்குப் பொறுக்காதது அந்தப் பார்வைதான்.

நானும் ஆடையில்லாத படத்தில் இதைத்தான் கேட்பேன்: படத்தில் இருப்பவர் ஒரு ஆளா, வெறும் உடம்பா? அமெரிக்க ஓவியர் ஆலிஸ் நீல் தன் 80-ஆவது வயதில் தன்னையே ஆடையில்லாமல், கையில் தூரிகையோடு நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி வரைந்து முடித்தார். தொங்கும் வயிறும் மூக்குக்கண்ணாடியுமாக, எதையும் மறைக்காமல், எதற்கும் வெட்கப்படாமல். அதைப் பார்க்கும் யாருக்கும் கெட்ட எண்ணம் வராது, மரியாதைதான் வரும். நீங்கள் பார்த்த அறையில் வயிற்றில் அறுவைச் சிகிச்சைத் தழும்போடு ஒரு நடுவயதுப் பெண்ணின் படம் இருந்ததே, அது அந்த வகை. அதன் எதிர்ச்சுவரில் படுத்திருந்த இளம்பெண்ணின் படம் அப்படி இல்லை, முகத்தைத் துணியால் மூடி உடம்பை மட்டும் காட்டியிருக்கிறார், அதை எடுத்துவிட்டிருக்கலாம் என்று ஓவியரிடமே சொன்னேன். பிள்ளைகள் கேட்டால் முதல் படத்தைப் பற்றித் தாராளமாகப் பேசுங்கள்.

கேள்வி: ஒருவர்கூடச் சிரிக்கவில்லையே, ஏன்? – வாசகர்

கால்மணி நேரம் சிரித்துக்கொண்டே இருந்து பாருங்கள், கன்னம் வலிக்கும், கண் வேறெங்கோ போய்விடும். நேரில் உட்கார வைத்து வரைகிறவர்கள் முகம் தானாக எங்கே இளைப்பாறுகிறதோ அங்கேதான் பிடிப்பார்கள். அது சோகம் இல்லை.

கேள்வி: 20 வயதுப் பிராயத்திலேயே தனிக் கண்காட்சி என்பது அவசரமில்லையா? – சக ஓவியர்

பிக்காசோவுக்கு 1901-ல் பாரிஸில் கண்காட்சி வைத்தபோது வயது 19, வைத்தவர் மேலே சொன்ன அதே வொலார். லூசியன் ஃப்ராய்டின் முதல் தனிக் கண்காட்சி 1944-ல், 21 வயதில். அம்ரிதா ஷெர்கில் 1932-ல் வரைந்த ‘இளம்பெண்கள்’ படத்துக்கு மறு ஆண்டு பாரிஸில் தங்கப் பதக்கம் கிடைத்தபோது அவருக்கு 20 வயதுதான். மறுபக்கம், ஆலிஸ் நீலுக்கு நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்தில் பெரிய கண்காட்சி நடந்தது 1974-ல், 74 வயதில். அதுவரை கலை உலகம் பெரும்பாலும் அவரைக் கண்டுகொள்ளவில்லை, அவர் மனிதர்களை வரைவதை நிறுத்தவும் இல்லை. வயதை விட்டுவிடுங்கள், ஒரு சுவரில் நின்று பேச நாலு படம் இருக்கிறதா என்று பாருங்கள். இவரிடம் இருந்தது.

கேள்வி: உருவம் வரைவது பழைய பாணி, அரூப ஓவியம்தான் நவீனம் என்று எங்கள் கல்லூரியில் சொல்கிறார்கள். – நுண்கலை மாணவர்

பிலிப் கஸ்டன் பேர் பெற்ற அரூப ஓவியர். 1970-ல் நியூயார்க் மார்ல்பரோ கேலரியில் திடீரென்று முகமூடி போட்ட மனிதர்களும் ஷூக்களும் மின்விளக்குகளுமாக உருவப் படங்களைக் காட்சிக்கு வைத்தார். விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள், நெருங்கிய நண்பர் ஒருவரே விலகிப்போனார். இன்று அந்தப் படங்களைத்தான் இளம் ஓவியர்கள் தேடித் தேடிப் பார்க்கிறார்கள். பாணிக்கு வயது பார்க்காதீர்கள். அரூபம் வரைய மனம் இருந்தால் அதை முழு மனதோடு வரையுங்கள், உருவம் என்றால் உருவம். ஆசிரியருக்குப் பயந்து மட்டும் எதையும் வரைய வேண்டாம்.

கேள்வி: எனக்கும் விரைவில் முதல் கண்காட்சி. என்னென்ன கவனிக்க வேண்டும்? – கலைக்கல்லூரி முடித்தவர்

வாழ்த்துகள் தம்பி. முதல் வேலை படங்களைக் குறைப்பது. இருப்பதையெல்லாம் மாட்டினால் நல்ல படத்தையும் சுமாரான படம் கீழே இழுத்துவிடும், குறிப்பாக உருவப் படங்களில், ஏனென்றால் ஒவ்வொரு முகமும் பார்வையாளரிடம் ஏதோ கேட்கிறது, ஓர் அறையில் முப்பது பேர் ஒரே நேரத்தில் கேட்டால் யாருக்கும் பதில் சொல்ல முடியாது. எல்லாப் படத்தையும் தரையில் சுவரோரமாகச் சாய்த்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்துப் பார். எதை எடுத்தால் அறை பலவீனமாகிறதோ அது மட்டும் இருக்கட்டும்.

மாட்டும் உயரத்துக்குப் பல அருங்காட்சியகங்கள் வைத்திருக்கும் கணக்கு, படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து சுமார் 145 முதல் 150 சென்டிமீட்டரில் இருக்க வேண்டும் என்பது. சராசரி மனிதனின் கண்மட்டத்தை ஒட்டிய கணக்கு அது. ஆளுயரப் படங்களுக்கு இதைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றாதே; நிற்கிற உருவம் என்றால் கீழே இறக்கி மாட்டு, நாம் நிற்கும் தரையிலேயே அவரும் நிற்கிற மாதிரி இருக்கும். படத்தில் இருப்பவர் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்பதும் முக்கியம், இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்க்கும்படி மாட்டினால் நடுவில் ஒரு கதை உண்டாகிவிடும், அந்தக் கதை உனக்கு வேண்டுமா என்று யோசி. விளக்கு செங்குத்துக்கு 30 டிகிரி அளவில் சாய்ந்து விழட்டும், அதைவிடப் படத்துக்கு நேருக்கு நேராக அடித்தால் எண்ணெய் வண்ணத்தின் மினுமினுப்பில் இருண்ட பகுதிகள் கண்ணாடி மாதிரி பளபளத்து எதுவுமே தெரியாது. ஒவ்வொரு கேன்வாஸுக்கும் இரண்டு கொக்கி போடு, ஒன்றில் தொங்கினால் யாராவது உரசியதும் கோணிவிடும்.

வார்னிஷ் விஷயத்தில் அவசரம் வேண்டாம். எண்ணெய் வண்ணம் தொட்டால் ஒட்டாது என்பதற்காகக் காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை, உள்ளே மாதக்கணக்கில் காற்றோடு வேலை செய்துகொண்டே இருக்கும்; வழக்கமான வார்னிஷுக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை பொறுக்க வேண்டும். போன வாரம் முடித்த படத்தை அப்படியே மாட்டு, பரவாயில்லை.

கேலரியோடு எழுத்தில் ஒப்பந்தம் போடாமல் ஒரு படத்தைக்கூடக் கொடுக்காதே. கமிஷன் எவ்வளவு (40 முதல் 50 சதவீதம் வரை என்பது பல இடங்களில் வழக்கம்), விற்ற பணம் எத்தனை நாளில் வரும், போக்குவரத்தும் காப்பீடும் யார் செலவு, விற்காத படம் எந்தத் தேதிக்குள் திரும்பும், படம் சேதமானால் யார் பொறுப்பு. இதைக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள்தான் பிறகு வருடக்கணக்கில் கேலரி வாசலுக்கு அலைகிறார்கள். ஒரு நல்ல கேலரி இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படாது. மாட்டுவதற்கு முன்னாலேயே எல்லாப் படத்தையும் நல்ல வெளிச்சத்தில் புகைப்படம் எடுத்துவிடு, விற்றுப்போனால் அப்புறம் உன் கையில் இருப்பது அது மட்டும்தான்.

கேள்வி: விலை எப்படி வைப்பது? – அதே நண்பர்

தொடக்கத்தில் அளவை வைத்து ஒரே விகிதத்தில் போடு. இந்தப் படத்தில் அதிகமாகக் கஷ்டப்பட்டேன் என்று ஒன்றுக்கு மட்டும் ஏற்றினால் வாங்குபவருக்குக் கணக்குப் புரியாது. கேலரியில் ஒரு விலை, வீட்டுக்கு வந்து கேட்டால் குறைந்த விலை என்று மட்டும் செய்யாதே. கேலரி உன்னை நம்பாது, முழு விலை கொடுத்து வாங்கியவருக்கும் அது துரோகம். ஏற்றுவது எப்போதும் முடியும், ஏற்றியதை இறக்கினால்தான் பேர் கெடும்.

கேள்வி: என் உறவினர் ஒருவரை அந்த ஓவியர் வரைந்திருக்கிறார். படத்தைப் பார்த்து அவருக்கு மனம் புண்பட்டுவிட்டது, வயதானவராகக் காட்டிவிட்டாராம். யார் பக்கம் நியாயம்? – வாசகி

1954-ல் சர்ச்சிலின் 80-ஆவது பிறந்தநாளுக்கு பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் இரு அவைகளும் சேர்ந்து ஓவியர் கிரகாம் சதர்லாண்டிடம் ஓர் உருவப்படம் வரையச் சொல்லிப் பரிசளித்தன. சர்ச்சிலுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை, பிறகு அவர் மனைவியின் விருப்பப்படி அது அழிக்கப்பட்டுவிட்டது. கிழவனாகத் தெரிகிறேன் என்பதற்காக ஒரு நல்ல ஓவியத்தை எரிப்பது எனக்குப் பெரிய இழப்பாகத்தான் படுகிறது, மிச்சமிருக்கும் ஆயத்த வரைவுகளைப் பார்த்தாலே அந்த முதுமைக்குள் எவ்வளவு பலம் இருந்தது என்று தெரிகிறது.

ஆனால் உங்கள் உறவினர் சர்ச்சில் இல்லை, பொது வாழ்க்கைக்கு வந்தவர் இல்லை. அவர் மணிக்கணக்கில் உட்கார்ந்து தன் முகத்தைக் கொடுத்திருக்கிறார். காட்சிக்கு வைக்கும் முன் அவருக்குக் காட்டியிருக்க வேண்டும், விற்பனைக்கு வைப்பது என்றால் தெளிவாகச் சம்மதம் கேட்டிருக்க வேண்டும். எப்படி வரைவது என்பது ஓவியரின் உரிமை. பொதுவில் மாட்டுவது இருவரும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு. அவரிடம் இதை ஓவியர் நேரில் பேசட்டும், நீங்கள் நடுவில் தூது போகாதீர்கள்.

கேள்வி: கண்காட்சியில் ஓவியர் பக்கத்திலேயே நிற்கிறார். என்ன சொல்வதென்றே தெரியாமல் “சூப்பர்” என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன். – வாசகர்

எந்தப் படத்துக்கு இரண்டாவது தடவை திரும்பிப் போனீர்களோ அதைச் சொல்லுங்கள். அதில் எந்த இடம் என்றும் சொன்னால் இன்னும் நல்லது, “அந்த ஷூ லேஸ்”, “அந்த முட்டி” என்கிற அளவுக்கு. மாதக்கணக்கில் தனியாக நின்று வேலை செய்தவருக்கு, தான் எடுத்த முடிவை இன்னொருவர் கண் கண்டுபிடித்துவிட்டது என்று தெரிவதைவிடப் பெரிய உதவி இல்லை. பிடிக்கவில்லை என்றாலும் இப்படியே, இடத்தைச் சொல்லிச் சொல்லுங்கள். விலையைக் கேட்டுவிட்டு “இவ்வளவா!” என்று மட்டும் அவர் முகத்துக்கு நேராகச் சொல்லாதீர்கள்.

கேள்வி: விற்காத பெரிய கேன்வாஸ்களை வீட்டில் எங்கே வைப்பது? சுருட்டி வைக்கலாமா? – ஓர் ஓவியரின் தந்தை

வண்ணம் தடிமனாக இருக்கும் எண்ணெய் ஓவியத்தைச் சுருட்டாதீர்கள், வெடிக்கும். வேறு வழியே இல்லை, வண்ணமும் மெல்லியதாக நன்றாகக் காய்ந்திருக்கிறது என்றால், அகலமான குழாயில் வண்ணப் பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டுங்கள். பலரும் பாதுகாப்பு என்று நினைத்து உள்ளே வைத்துச் சுருட்டுகிறார்கள், அப்போதுதான் வண்ணம் நசுங்கி மடிப்பு விழுகிறது. சட்டத்தோடு இருந்தால் நிறுத்திவைப்பதே நல்லது: ஈரச் சுவரை ஒட்டாமல், தரையிலிருந்து கொஞ்சம் தூக்கி, ஒன்றின் சட்டமுனை இன்னொன்றின் துணியில் அழுந்தாமல் நடுவில் அட்டை வைத்து. முழு இருட்டு அறையும் வேண்டாம். ஆளி விதை எண்ணெய் இருட்டில் மஞ்சளிக்கும், வெள்ளைப் பகுதிகள்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். அப்படி ஆகியிருந்தால் பயப்படாதீர்கள், நேர் வெயில் படாத வெளிச்சமான அறையில் சில வாரம் வைத்தால் பெருமளவு குறைந்துவிடும்.